எல்லா மெஷினும் ரெடி

2025 மே 14, புதன்

எங்கள் கணினி வகுப்பு யோகராஜ் சேர் பொய் சொல்லியிருக்கிறார். "எல்லா மெஷினும் ரெடி" என்று எங்களுக்கு மெஷின் கொடுத்த அறக்கட்டளையின் முகநூல் பக்கத்தில் போட்டிருப்பது பொய். படத்தில் மடிக்கணினிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கட்டளை தட்டும் கறுப்புத் திரை, ஒவ்வொரு திரையிலும் நாங்கள் படிக்கும் நிரல்மொழி பைத்தன் ஓடுகிறது. இடது ஓரத்தில் இருப்பது என்னுடையது. மூடியில் கீறல் இருக்கிறதே, எனக்குத் தெரியாதா?

இன்று அதே கறுப்புத் திரையில் பைத்தன் என்று தட்டினேன். செயலி விற்கும் பக்கம் ஒன்று திறந்தது. மூடிவிட்டு மறுபடி தட்டினேன். மறுபடி அதே பக்கம். வேறு விதமாகத் தட்டினேன். அப்படி ஒன்றைக் காணவில்லை என்று பதில் வந்தது.

ஜூன் 5 பரீட்சை. கொழும்புக் கம்பனி ஒன்று இணையத்தில் நடத்துகிறது. அவர்கள் தரும் கேள்விக்கு நிரல் எழுதி, அதை இந்த மெஷினில் ஓட்டி, வந்த விடையை ஏற்ற வேண்டும். ஃபோனில் முடியாது. அறக்கட்டளை நம் பெயரில் பதிந்து கொடுத்த மெஷினில் மட்டும்தான் எழுதலாம். தேறினால் ஆறு மாதம் சம்பளத்தோடு பயிற்சி. தேறாவிட்டால் பஸாரில் துணிக்கடை, இல்லையென்றால் கொழும்பில் யார் வீட்டிலாவது பிள்ளை பார்ப்பது. ஏ.எல். பரீட்சை பாஸான பெண்பிள்ளைகளுக்கும் இங்கே அதுதான். பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் போய்க் கேட்டால் தெரியும்.

அதற்கு முதலில் இது ஓட வேண்டும்.

மே 15, வியாழன்

மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. அம்மா காலையில் வேலைக்குப் பேர் போடும் பிரட்டுக்குப் போய் நனைந்துகொண்டு திரும்பி வந்தார். இன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. "நனையிறதுக்கும் ஒரு பேரு போட்டா என்னவாம்" என்று சேலையைப் பிழிந்தார்.

மே 17, சனி

வகுப்பு. யட்டியாந்தோட்டையில் மாடி அறை, ஒரு மின்விசிறி.

தேநீர் நேரத்தில் என் பக்கத்தில் உட்காரும் யும்னாவிடம் மெல்லக் கேட்டேன். அவளுடையதும் ஓடவில்லை. கித்துல்கலப் பக்கத்து ஷாமிளாவுடையதும் இல்லை. கேட்டுக்கொண்டே போனால் ஒருவருடையதும் இல்லை. எல்லோரும் தாங்கள்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதையும் சும்மா நினைத்துக்கொண்டு இருக்கவில்லை, அஜந்தனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அஜந்தன்தான் வகுப்பின் தலைவன். யாரும் எங்களைத் தலைவன் வைக்கச் சொல்லவில்லை. தோட்டத்தில் தொரையிடம் ஆளாளுக்குப் போய்ப் பேசுவதில்லை, தலைவர்தான் போவார். அந்தப் பழக்கத்தில் முதல் நாளே அஜந்தனை ஆக்கிவிட்டோம். அவனுடைய அப்பா இராமசாமி எங்கள் தோட்டக் கமிட்டித் தலைவர். அது போதாதா? எல்லோரும் அவனிடம் சொன்னார்கள். அவன் சேரிடம் சொன்னது இவ்வளவுதான்: "சின்னச் சின்னப் பிரச்சினைதாங்க சேர், நாங்க பார்த்துக்கிறோம்."

ஏன்டா என்று கேட்டேன். "மெஷின் குடுத்த கையோட குத்தம் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றான்.

நானே எழுந்து சொன்னேன். தலைவனைத் தாண்டிப் பேசிவிட்டேன் என்று எல்லோரும் அஜந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள். சேர் என் மெஷினை வாங்கித் தன் கணக்கைத் திறந்தார். கடவுச்சொல்லை உடம்பால் மறைத்துக்கொண்டு தட்டினார். கறுப்புத் திரை. பைத்தன் ஓடியது.

"ஓடுதா இல்லியா?"

"உங்க பேர்ல ஓடுதுங்க சேர். என் பேர்ல ஓடல."

"மெஷினுக்கு ஆள் தெரியாதும்மா. நீ என்னமோ கெடுத்து வச்சிருக்க."

சிரித்தார்கள். ஓடாத மெஷினை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். சேரும் லயத்தில் பிறந்தவர்தான், அதை ஒவ்வொரு மேடையிலும் சொல்வார்.

மே 18, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறினால்தான் சிக்னல். குடையோடு உட்கார்ந்து வாசித்தேன்.

விஷயம் இதுதான். கறுப்புத் திரையில் ஒரு பெயரைத் தட்டினால் மெஷின் முழு டிஸ்கையும் தேடுவதில்லை. அதனிடம் பாத் என்று ஒரு வரிசை இருக்கிறது. இந்த ஃபோல்டரில் பார், இல்லையென்றால் அந்த ஃபோல்டரில் பார் என்று. அந்த வரிசையில் இல்லாத இடத்தில் பைத்தன் இருந்தால், இருந்தும் இல்லைதான். எங்கள் லயத்துக்குக் கடிதம் வருகிற மாதிரி. வீட்டுக்கு இலக்கம் கிடையாது, எல்லாம் தோட்டத்து ஒஃபிஸுக்குப் போய் அங்கேயே கிடக்கும். போதும், இதை எழுத ஆரம்பித்தால் வேறு எங்கோ போய்விடும்.

பைத்தன் எங்கே இருக்கிறது என்று தேடினேன். சி டிரைவ். யூசர்ஸ். அதற்குள் இரண்டு ஃபோல்டர். ஒன்று தர்மிளா, என் பெயர். மற்றது யோகராஜ்.

யோகராஜைத் திறந்தேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது.

சேர் ஒவ்வொரு மெஷினிலும் தன் கணக்கில் இருந்துகொண்டு "எனக்கு மட்டும்" என்று நிறுவியிருக்கிறார். பிறகுதான் எங்கள் கணக்குகளை உண்டாக்கியிருக்கிறார். அவர் கணக்கில் ஓடியது, படம் எடுத்தார், முடிந்தது. எங்கள் கணக்கை ஒருமுறை திறந்து ஒரு சொல் தட்டிப் பார்த்திருந்தால்? அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கெட்ட எண்ணம் இல்லை என்று அம்மா சொல்கிறார். இருக்கட்டும். அக்கறையும் இல்லை.

மே 21, புதன்

சேருக்கு மூன்று முறை ஃபோன் எடுத்தேன். அட்மின் கடவுச்சொல் தரமாட்டாராம். "குடுத்தா பழுதாக்கிப்புடுவீங்க." சனிக்கிழமை பார்க்கலாமாம்.

அவர் தயவு வேண்டாம். யும்னாவின் நானாவுக்கு, அவளுடைய அண்ணன் ஜஸீலுக்கு, பஸாரில் ஃபோன் கடை இருக்கிறது, அங்கே நல்ல இணைப்பு. யும்னா பைத்தனை இறக்கிப் பென் டிரைவில் போட்டுத் தந்தாள். என் கணக்கில் எனக்கு மட்டும் நிறுவினால் அட்மின் தேவையில்லை என்று வாசித்திருந்தேன். நிறுவும்போது அட்மின் கடவுச்சொல்லைக் கேட்டது. கடையிலேயே அழுகை வந்துவிட்டது. யும்னா திரையை உற்றுப் பார்த்தாள்.

"இஞ்ச ஒரு சரி போட்டு ஈக்கி. அத எடுத்துட்டுப் பாரேன்."

அட்மின் உரிமையோடு நிறுவு என்ற கட்டத்தில் இருந்த சரிக்குறியை எடுத்தேன். கேட்கவில்லை. நிறுவியது. ஜஸீல் நானா, "ரெண்டு பேரும் சேந்து பேங்க் ஒண்ட ஒடச்ச மாதிரி இல்லயா சந்தோசப்படுறீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து தட்டினேன். செயலி விற்கும் பக்கம் திறந்தது.

மே 22, வியாழன்

இன்றும் ஓடவில்லை.

மே 23, வெள்ளி

ஓடுகிறது.

நிறுவும்போது அடியில் இன்னொரு கட்டம் இருந்திருக்கிறது, பாத்தில் சேர்க்கவும் என்று. அதற்கு நான் சரி போடவில்லை. பிறகு கையால் சேர்த்தேன். சேர்த்தும் பழைய பக்கம்தான் வந்தது, ஏனென்றால் என் வரி வரிசையில் கடைசியில் இருந்தது, மேலே இருந்த ஒன்று முந்திக்கொண்டது. என் வரியை மேலே ஏற்றினேன். அப்போதும் இல்லை. திறந்திருந்த கறுப்புத் திரையை மூடிப் புதிதாகத் திறந்தால்தான் அது புது வரிசையை வாசிக்குமாம். அந்த ஒன்று தெரியாமல் ஒரு பகல் போனது.

பைத்தன் தயார் என்று மூன்று கூர்க்குறிகள் வந்து நின்றன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இவ்வளவு நாளு?" என்றார். பிறகு என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

வட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் செய்முறையை எழுதிவிட்டேன். இதைச் செய், அதைச் செய், பிறகு இந்த வரியை அப்படியே போடு. யும்னா பைத்தனையும் குழுவில் ஏற்றினாள். இனி அவரவர் பாடு.

மே 24, சனி

நான் ஒரு முட்டாள்.

யும்னா காலையிலேயே எடுத்தாள். "அல்லாவே, இந்த வரில ஒன்ட பேரு ஈக்கி. ஏன்ட மெஷின்ல நீ எங்கயிருந்து வந்தாய்?"

என் மெஷினில் இருந்த வரியை எடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறேன். சி டிரைவ், யூசர்ஸ், தர்மிளா. யும்னாவுக்கு விளங்கியது, தன் பெயரை மாற்றிப் போட்டாள், ஓடியது. மற்றவர்கள் அப்படியே போட்டுவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பலகையில் இருப்பதைப் புள்ளி பிசகாமல் எழுதுகிறவன்தான் கெட்டிக்காரன். ஏன் என்று கேட்டவனுக்கு வெயிலில் நிற்கிற வேலை. நானும் 'அப்படியே போடு' என்றுதானே எழுதினேன்? எல்லோருடைய மெஷினும் இல்லாத தர்மிளாவைத் தேடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் வரிசையில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு என் வரியை மட்டும் வைத்திருந்தார்கள். நிரல் எழுதுகிற செயலியும் கறுப்புத் திரையிலிருந்து திறக்க மறுத்தது.

வகுப்பில் அஜந்தன் எழுந்து சேரிடம் சொன்னான். இதை மட்டும் சுருக்காமல் சொன்னான்.

சேர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கம்பனித் தொரைமார் மாதிரி மெதுவாகப் பேசினார். அறக்கட்டளையின் சொத்தைச் சேதப்படுத்தியிருக்கிறோமாம். அடுத்த சனிக்கிழமை எல்லோரும் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கி நான்காம் தேதி தருவார். ஐந்தாம் தேதி பரீட்சை.

"புதுசாப் போடுறப்போ எங்க கணக்குலயும் போடுவீங்களா சேர்?" என்றேன்.

"நீ கொஞ்சம் வாய மூடிட்டு இரு."

மறுபடியும் தன் பெயரில்தான் போடப் போகிறார். எனக்குத் தெரியும்.

மே 26, திங்கள்

யாரும் கொடுக்கக் கூடாது. அதற்கு முன் எல்லோருடையதும் ஓட வேண்டும், ஓடுகிற மெஷினைத்தான் தரமாட்டேன் என்று சொல்ல முடியும். குழுவில் எழுதினால் இன்னொரு பிழை வரும். நேரில் போவதுதான் வழி.

இன்று தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் மூன்று வீடு. ஒரு வீட்டில் மின்சாரம் இல்லை.

மே 27, செவ்வாய்

ஷாமிளா வீடு. பஸ், பிறகு ஏற்றம், அட்டைக்கடி. மடிக்கணினியைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார்கள். மழை ஒழுக்கு விழாத ஒரே இடம் அதுதானாம்.

அவளைக்கொண்டே செய்வித்தேன். என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன், அது பெரிய கஷ்டம். வரியில் பெயர் வரும் இடத்தில் நின்றுவிட்டாள். "இங்க யாரு பேரு?" என்று கேட்டேன். "சேர் பேரா?" என்றாள். உன் பேரைப் போடு என்றேன்.

ஓடியதும் அவளுடைய அம்மா, "சேர் திருப்பிக் கேக்குறாருன்னு சொன்னாங்களே" என்றார். பரீட்சை முடிந்ததும் கொடுப்போம் என்றேன். "நீ சொல்லிட்டுப் போயிருவ. நாளைக்கு வேறெதுவும் குடுத்தா எங்க புள்ள பேர வெட்டிருவாங்க." அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான்.

மே 29, வியாழன்

கால் வீங்கியிருக்கிறது. யும்னா மாவனல்லையில் சாச்சி வீட்டில், சித்தியோடு இருக்கிறாள், ஹஜ்ஜுப் பெருநாள் வேலை. அங்கிருந்தே இரண்டு பேருக்கு வீடியோ அழைப்பில் செய்து கொடுத்தாளாம். நல்லவள். என்னை மாதிரி எல்லாவற்றுக்கும் கோபப்படுவதில்லை, வேலை முடிகிறது.

அஜந்தனிடம் போனேன். பெருமைக்குப் போகவில்லை, அவனுடையது ஓடினால் மிச்சப் பேரும் கேட்பார்கள். கொய்யா மரத்தடியில் நின்று பேசினோம். வீட்டுக்குள் கூப்பிடவில்லை.

"அஞ்சு நிமிசம். பிறகு நீ குழுவுல ஒரு வார்த்தை போடு, யாரும் குடுக்க வேணாம்னு."

"குடுக்கிறோம்னு சேர்கிட்ட சொல்லிட்டேன்."

"ஓடாதுன்னு தெரிஞ்சுமா?"

"எல்லாருக்கும் சேத்துப் பேசிட்டு வந்துட்டு, என்டத மட்டும் திருத்தி வச்சுக்கச் சொல்றியா? அப்புறம் என்னத்துக்கு நான் தலைவன்?"

அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவன் பயந்தாங்கொள்ளி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படியும் இல்லை. அது இன்னும் மோசம்.

மே 31, சனி

நான் போகவில்லை. யும்னா போகவில்லை. ஷாமிளா கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாளாம். இன்னும் நான்கைந்து பேர். மற்ற எல்லோரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், நான் நேரில் போய் ஓட வைத்தவர்களில் இரண்டு பேரும்கூட. அஜந்தன் முதலாவதாகக் கொடுத்தான்.

சேர் ஃபோன் எடுத்தார். "அது உன் மெஷின் இல்ல தர்மிளா." பரீட்சை முடிந்த மறுநாளே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். நான் நன்றி கெட்டவளாம். என்னைப் போன்றவர்களால்தான் நம்ம சனம் முன்னேறவில்லையாம்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஃபோனை வைத்ததும், "அந்தாளு அப்பனுக்கும் பெரட்டுக்களத்துல இப்பிடித்தான் ஏசினாங்க, நான் பார்த்திருக்கேன்" என்றார்.

ஜூன் 4, புதன்

சேர் மெஷின்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் அஜந்தன் ஒரு படம் அனுப்பினான். கறுப்புத் திரை. காணவில்லை என்ற அதே வரி.

உடனே எடுத்தேன். ஃபோனில் சொல்லச் சொல்ல அவன் செய்தான். நிறுவும் இடத்தில் நின்றுவிட்டது. இந்த முறை மாணவர் கணக்கில் எதையும் நிறுவ முடியாதபடி சேர் பூட்டியிருக்கிறார். இனிக் கெடுக்க முடியாது அல்லவா. யோகராஜ் ஃபோல்டர் அங்கேயே இருக்கிறது, அனுமதி இல்லை என்கிறது.

சேருக்கு எடுத்தேன். அஜந்தனும் எடுத்தான். அவர் ஃபோனைத் தூக்கவே இல்லை.

"நாளைக்கி வா, பார்ப்போம்" என்றேன் அஜந்தனிடம். என்னத்தைப் பார்க்கிறது?

ஜூன் 5, வியாழன்

ஜஸீல் நானா கடையின் மேல்தட்டில் இடம் கொடுத்தார். நான், யும்னா, ஷாமிளா. அஜந்தனும் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

எங்கள் மூவருக்கும் ஓடியது. கேள்வி அவ்வளவு கஷ்டமில்லை. அஜந்தனுக்கும் கேள்வி திறந்தது. அவன் பெயர் திரையில் வந்தது, நேரம் ஓடத் தொடங்கியது. நிரலை எழுதினான். எட்டிப் பார்த்தேன், என்னுடையதைவிடச் சுருக்கமாக எழுதியிருந்தான். ஓட்ட முடியவில்லை. ஓட்டினால் வரும் விடை இல்லாமல் ஏற்ற முடியாது. அந்தச் சொல்லைத் தட்டினான், திரையை மூடினான், திறந்தான், தட்டினான். நேரம் முடியும்வரை எழுந்து போகவே இல்லை. நானா வைத்த பிளேன்டீ அப்படியே ஆறியது.

நான் முடித்துவிட்டு அவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மெஷினைத் திருப்பிக் கொடுத்தேன். சேர் கையெழுத்து வாங்கிக்கொண்டார். முகம் பார்க்கவில்லை. நாளை பெருநாள். யும்னா கூப்பிட்டாள், போகத் தெம்பில்லை.

ஜூன் 11, புதன்

பெறுபேறு. நான் தேர்வு. யும்னா தேர்வு. ஷாமிளா இல்லை, மூன்று புள்ளியில் போனது.

மெஷினைத் திருப்பிக் கொடுத்தவர்கள் பெயருக்கு நேரே: சமுகமளிக்கவில்லை.

சமுகமளிக்கவில்லையா? வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திரையில் அவன் பெயர் வந்தது.

சேரிடம் அப்படியே குழுவில் கேட்டேன். சிறிது நேரத்தில் குழுவில் இனி நிர்வாகி மட்டும்தான் எழுதலாம் என்று வந்தது. தனியாக அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை. அறக்கட்டளைக்கு எழுதினேன். பதில் இல்லை.

அம்மா அரிசிமா வாங்கிவரச் சொன்னார், கொழுக்கட்டை செய்ய. சந்தோஷமாகத்தான் இருக்கிறார். எனக்கும் சந்தோஷம் வர வேண்டும். வரும், இன்றைக்கு இல்லை.

ஜூன் 13, வெள்ளி

அஜந்தன் மாமா மகனோடு கொழும்புப் புறக்கோட்டைக்குப் போய்விட்டான், ஹார்ட்வெயார் கடை. இராமசாமித் தலைவர் வழியில் என்னைக் கண்டார். என்ன நடந்தது என்று கேட்டார். மகன் சொல்லவே இல்லையாம், பரீட்சை கஷ்டமாக இருந்தது என்று மட்டும் சொன்னானாம். முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "என்கிட்ட சொல்லியிருந்தா நான் போய்ப் பேசியிருப்பேனே" என்றார்.

யாரிடம் பேசியிருப்பார்? என்ன பேசியிருப்பார்?

ஜூன் 16, திங்கள்

கொழும்பு. கம்பனியில் முதல் நாள். குளிர் அறை. புது மெஷின், என் பெயரில். திறந்ததும் ஓடியது.

பயிற்சிக்குப் பொறுப்பானவர் நன்றாகப் பேசினார், தமிழும் சிங்களமும் கலந்து. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். ஒருவர் சாப்பாட்டு நேரம் கேட்டார், ஒருவர் லீவு கேட்டார். நான் எழுந்தேன். யும்னா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எங்கள் வகுப்பில் சமுகமளிக்கவில்லை என்று போட்டிருப்பவர்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் உள்ளே வந்த நேரம் உங்கள் கணினியிலேயே பதிவாகியிருக்கும், திறந்து பாருங்கள் என்றேன்.

அது அறக்கட்டளையின் விஷயம் என்றார். அடுத்தவரைப் பார்த்துத் தலையசைத்தார், நீங்கள் கேளுங்கள் என்று. நான் உட்காரவில்லை. மறுபடி சொன்னேன்:

"அவங்க வந்தாங்க சேர். 'வரல'ன்னு எழுதினத எடுங்க. ஓடுற மெஷின் ஒண்ணு குடுத்து மறுபடி பரீட்சை வைங்க. எந்தத் தேதின்னு இப்பவே சொல்லுங்க."